கேட்டக்கா செத்துக் கிடந்த மத்தியானம்

ஒரு குரங்கைப் பழிவாங்குவதற்காக ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரை எனக்குத் தெரியும் என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் ரைட்டராகச் சேர்ந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிற வேலை இல்லை. யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யார் எந்தப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கப் போனார்கள் என்று எழுதுகிற வேலை. எஸ்டேட்டின் இரும்புக் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை ஓர் அக்காவுக்கு. அவர் புருஷன்தான் முதலில் அங்கே வாட்ச்மேன். காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு வேலையை இவருக்குக் கொடுத்தார்கள். கேட்டில் இருந்ததால் எல்லோருக்கும் அவர் கேட்டக்கா. சொந்தப் பெயர் என்னுடைய பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

குரங்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் தூக்குச் சட்டியில் இருந்த எலுமிச்சைச் சோற்றை ஒரு நாள் ஒரு குரங்கு எடுத்துப் போய்விட்டது. வேறொருவராக இருந்தால் கல்லை விட்டெறிந்து நாலு வார்த்தை வைதிருப்பார். கேட்டக்கா ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கிவந்து, அதே குரங்கு உட்காரும் சில்வர் ஓக் மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்து, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றார். கடைசிப் பழம் தின்னும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிறு கொள்ளவில்லை. ஆனாலும் விடவில்லை. முடித்து எழுந்து, கேட் ரூமுக்குப் பின்னால் இருந்த மரத்திலிருந்து ஓர் ஆரஞ்சைப் பறித்துவந்து குரங்குக்கு முன்னால் வைத்தார்.

“ஏனுங்கக்கா, அதுக்கே குடுக்கறீங்க?” என்றேன்.

“அதோட வழக்கு தீந்துதுங்க. இனி அதும்மேல எனக்குக் கோவமில்லை.”

இதுதான் அவர் முறை. யார் தவறு செய்தாலும் பதிலுக்கு ஒன்று செய்தாக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. செய்து முடித்ததும் ஓர் ஆரஞ்சு. ஆரஞ்சு கைக்கு வந்துவிட்டால் அவரைப்போல நல்ல மனுஷி கிடையாது. அதற்கு முன்னால் வரை நீங்கள் எஸ்டேட்டை விட்டு ஓடிப்போனாலும் தப்ப முடியாது.

எனக்கும் ஒரு வழக்கு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சேலத்திலிருந்து வந்த திமிரில், “ஏம்மா, கேட்டைத் தெற” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். கேட்டக்கா மறுவார்த்தை பேசாமல் திறந்தார். மறுநாள் காலையில் பழம் பறிக்கப் போகிற பெண்கள் நாற்பது ஐம்பது பேர் கேட்டில் நிற்கையில் நான் வந்தேன். “ஒதுங்குங்க, ஒதுங்குங்க! சேலத்து மகாராணி வர்றாங்க!” என்று மலையே கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. பெண்கள் கூடையோடு இரண்டு பக்கமும் ஒதுங்கிக் குனிந்து நின்றார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, சரியாக ஒரு மாதம். மழையில் குடை இல்லாமல் ஓடிவந்தால்கூட மகாராணி ஓடிவருகிறார் என்று அறிவிப்பு வந்தது. மாதம் முடிந்த அன்று என் மேஜையில் ஓர் ஆரஞ்சு இருந்தது. அதைத் தின்றபோது எனக்கு விடுதலையானது போல இருந்தது என்றால் நம்புங்கள்.

ஆரஞ்சு கிடைக்காமல் இருந்தது இரண்டே பேருக்குத்தான். ஒருவர் எங்கள் மேனேஜர். ஒரு விடியற்காலையில் ஜீப்பில் வந்தவர் இரண்டு தரம் ஹாரன் அடித்து, “தூங்குறியா?” என்று கேட்டுவிட்டார். கேட்டக்கா தூங்கவில்லை. தலை வாரிக்கொண்டிருந்தார். கேட் ரூம் சுவரில் மேனேஜரே எழுதி மாட்டிவைத்த பலகை ஒன்று உண்டு: அறியாத வாகனங்களைப் பெயர் விசாரிக்காமல் உள்ளே விடக்கூடாது. மறுநாளிலிருந்து ஜீப் வந்தால் கேட்டக்கா பூட்டின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்பார்.

“யாருங்க?”

“நான்தான்.”

“நாந்தான்னா ஆருங்க?”

“மேனேஜர்!”

“மேனேஜருன்னு ஆரு வேணாலும் சொல்லலாமுங்களே. பேரு?”

மேனேஜர் தன் பெயரைச் சொல்வார். இனிஷியலோடு சொன்னால்தான் கேட் திறக்கும். தான் மாட்டின பலகையைத் தானே கழற்ற அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அந்த மனிதர் தினம் இரண்டு வேளை பெயர் சொல்லித்தான் தன் எஸ்டேட்டுக்குள் வந்துபோனார்.

இன்னொன்று ஆள் இல்லை, பஸ். ஏற்காடு ஊருக்குள் இருக்கிற ஒண்டிக்கடையிலிருந்து கரடியூருக்குப் போய்த் திரும்பும் பஸ் காலை எட்டே முக்காலுக்கு எங்கள் கேட்டைத் தாண்டும். அந்த நேரத்துக்குக் கேட்டக்கா நடுரோட்டில் போய் நின்று கையைக் காட்டுவார். பஸ் நிற்கும். கண்டக்டர் எட்டிப்பார்ப்பார்.

“ஏறுங்கக்கா.”

“ஏறலீங்க. நிக்குதான்னு பாத்தேன். போலாம்.”

தினமும் இதுதான். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. உள்ளே இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். டிரைவர் மாறினார், கண்டக்டர் மாறினார், பஸ்ஸே ஒரு தரம் மாறியது. அக்கா மாறவில்லை. புதிதாக வந்த ஒரு டிரைவர் ஒரு நாள் நிறுத்தாமல் ஓரமாக வளைத்து ஓட்டிப் போய்விட்டார். மறுநாள் எஸ்டேட்டின் பால் மாடு ரோட்டுக்குக் குறுக்கே கட்டப்பட்டிருந்தது. மாட்டுக்குப் பின்னால் கேட்டக்கா முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதோடு அந்த டிரைவரும் வழிக்கு வந்தார். பஸ் என்ன தவறு செய்தது என்று கேட்டால் மட்டும் அக்காவிடமிருந்து பதில் வராது. “அது ஒரு வழக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கேட் ரூமுக்குள் போய்விடுவார். நானும் ஏதோ சில்லறைத் தகராறு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தார். நாங்கள் சின்னக்கா என்போம். எங்கள் எஸ்டேட்டிலேயே பழம் பறிக்கிற வேலை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் கடைசி வீடு. அக்காவும் தங்கையும் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. சின்னக்கா கூடையோடு வந்தால் கேட் திறக்கும். உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்டக்காவின் புருஷன் செத்தபோது சின்னக்கா கரடியூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். சேதி போயும் எடுக்கிற நேரத்துக்கு வரவில்லை. எல்லாம் முடிந்து, ஆட்கள் குளித்துவிட்டு வந்த பிறகு வந்தார். அன்றைக்கு அறுந்த பேச்சு. இரண்டு வருஷம் கழித்துச் சின்னக்கா குடும்பத்தோடு எங்கள் எஸ்டேட்டுக்கே வேலைக்கு வந்தும் ஒட்டவில்லை. விசித்திரம் என்னவென்றால், கேட்டக்கா தங்கைக்கு எதிராக ஒரு சின்னப் பழியும் வாங்கவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. ஒன்பது வருஷமாக என்னவோ பெரிதாகத் தயாராகிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு செய்தி வந்தது. சின்னக்காவின் புருஷனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பொங்கல் கழிந்த இரண்டாவது திங்கட்கிழமை குடும்பத்தோடு மலை இறங்கப் போகிறார்கள். இந்த முறை போனால் திரும்பி வருவதாக இல்லை.

அதே மாதம்தான் மேனேஜரின் மனைவிக்கு நாடகம் போடுகிற ஆசை வந்தது.

நாங்கள் மேனேஜரம்மா என்று கூப்பிடுவோம். பட்டணத்தில் இலக்கியம் படித்தவர். நல்லவர்தான். மலையில் பொழுது போகவில்லை, அவ்வளவுதான். பழம் எடுப்பு முடிகிற சமயம் எஸ்டேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து போடுவார்கள். அதற்கு முழுக்கப் பெண்களே நடிக்கிற நாடகம் என்று முடிவாயிற்று. பழிவாங்கும் துன்பியல் என்று சொல்லி ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய அவரே எழுதிக்கொண்டு வந்தார். கதை சுலபம். ராஜாவை மந்திரி கொன்றுவிடுகிறான். ராணி பதினைந்து வருஷம் காத்திருந்து, சமாதான விருந்து என்று மந்திரியின் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பாயசத்தில் விஷம் வைக்கிறாள். கடைசிக் காட்சியில் மந்திரி சாகிறான், அவன் மகன் சாகிறான், சமையல்காரன் ருசி பார்த்துச் சாகிறான், பாயசம் பரிமாறின தோழிப்பெண் மிச்சத்தைக் குடித்துச் சாகிறாள், ராணியும் குத்துப்பட்டுச் சாகிறாள். மிஞ்சுவது வாயில் காப்போன் ஒருவன். அவன் வந்து, “இனிப் பழிவாங்க ஒருவரும் மிச்சமில்லை” என்று சொல்ல வேண்டும். திரை விழ வேண்டும்.

மேனேஜரம்மா முதலில் கேட்டக்காவுக்கு வாயில் காப்போன் வேஷம்தான் கொடுத்தார். “அதைத்தானுங்களே தெனமும் பண்றேன்” என்று அக்கா மறுத்துவிட்டார். பிறகு ராணி வேஷம் கொடுத்தார்கள். பழிவாங்குகிற வேஷத்துக்கு அவரைவிடப் பொருத்தமாக ஏற்காடு முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். தோழிப்பெண் வேஷம் எனக்கு. வாயில் காப்போன் வேஷம், எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவுக்கு. மந்திரிக்கு ஆள் தேடினபோது பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. சின்னக்கா. ஊரை விட்டுப் போக மூன்று வாரம் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டக்கா மட்டும் பார்க்கவில்லை.

ஒத்திகை என்றால் அது ஒத்திகை. ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசாத இரண்டு பேர் எதிரெதிரே நின்று, “கொடியவனே! என் குலத்தை அழித்த நச்சுப் பாம்பே!” என்றும், “ராணி! உன் கண்ணீருக்கு அஞ்சுவேனோ?” என்றும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டார்கள். வசனம் முடிந்ததும் இரண்டு பேரும் இரண்டு மூலைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் ராணியின் கிரீடம் நழுவியபோது மந்திரி வாய்தவறி, “அக்கா, கிரீடம்” என்று சொல்லிவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் இல்லாத வசனம். கேட்டக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, “பொஸ்தகத்துல இருக்கறதை மட்டும் பேசச் சொல்லுங்க” என்றார். மந்திரி கரி மீசையைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

கடைசிக் காட்சிதான் கேட்டக்காவுக்குப் பிடிபடவே இல்லை.

“ஏனுங்கம்மா, பழி வாங்கினவ எதுக்குங்க சாவோணும்?”

“அதுதான் துன்பியல். பழிவாங்கினால் கடைசியில் அவளும் அழிந்துபோவாள்.”

“வாங்கி முடிச்சாச்சில்லீங்களா? அப்பறம் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு குடுத்துட்டு நிம்மதியா இருந்துக்கலாமுல்ல?”

“விஷம் குடித்துச் செத்தவர்களுக்கு எப்படி அம்மா ஆரஞ்சு கொடுப்பாள்?”

கேட்டக்கா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப அவ மொறை தெரியாம வாங்கிட்டாளுங்க” என்றார்.

மேனேஜரம்மா கண்டிப்பாகச் சொன்னது ஒரே ஒரு விஷயம். செத்தவர் செத்தவராகவே இருக்க வேண்டும். ஒத்திகையில் சமையல்காரப் பிணம் முதுகைச் சொறிந்தது. மந்திரி மகன் பிணம் தும்மியது. “திரை விழுகிறவரை எந்தப் பிணமும் எழுந்திருக்கக் கூடாது. முதலில் எழுந்திருக்கிறவர் என் நாடகத்தைக் கொன்றவர்” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டக்கா தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். அவர் ஒன்றைத் தலையாட்டி வாங்கிக்கொண்டால் அது பலகையில் எழுதி மாட்டின மாதிரி.

நாடகத்தை மத்தியானம் வைத்துக்கொண்டோம். நாலு மணிக்கு மேல் பனி இறங்கினால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மலையில் சமதளமாக இருந்த ஒரே இடம் காப்பிக் களம்தான். பாதிக் களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியில் பெஞ்சு, பலகை போட்டு மேடை. திரைக்கு? பெரிய துணிக்கு எங்கே போவது? காப்பி மூடுகிற தார்ப்பாயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். பச்சை நிறம், நடுவில் இரண்டு ஒட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. காப்பி மூடுகிற தார்ப்பாய் திரையாகப் போய்விட்டால் காப்பியை எதனால் மூடுவது என்று மேனேஜருக்கும் தோன்றவில்லை, ரைட்டரான எனக்கும் தோன்றவில்லை. வானம் அத்தனை சுத்தமாக இருந்தது.

நாடகம் நன்றாகவே போனது. கேட்டக்கா சபதம் செய்தபோது முன் வரிசையில் இருந்த மேனேஜர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். விருந்துக் காட்சி வந்தது. எல்லோரும் பாயசம் குடித்தார்கள். உண்மையான பாயசம், ஆகவே சாகிற அவசரம் யாருக்கும் இல்லை, கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் செத்தார்கள். மந்திரி மார்பைப் பிடித்துக்கொண்டு எனக்கு வலது பக்கம் விழுந்தார். விழுவதற்கு முன் அட்டைக் கத்தியால் ராணியைக் குத்தினார். ராணி என் இடது பக்கம் விழுந்தார். அவருடைய ஜரிகைப் புடவையும் பாதி உடம்பும் என் கால்கள் மேல். மந்திரியின் தோள் என் பின்னல் மேல். நான் நடுவில் ஆணி அடித்த மாதிரி கிடந்தேன்.

வாயில் காப்போன் ஈட்டியோடு வந்து நின்று மூச்சை இழுத்தார். அந்த நேரம் என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

“காப்பி நனையுது!”

யார் கத்தினார்கள் என்று தெரியாது. அந்த இரண்டு வார்த்தை கேட்டால் எங்கள் எஸ்டேட்டில் கல்யாணப் பந்தலிலிருந்து மாப்பிள்ளையே எழுந்து ஓடுவான். ஒரு வருஷ உழைப்பு களத்தில் கிடக்கிறது, நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஜனம் முழுக்க எழுந்து ஓடியது. மேனேஜர் ஓடினார், மேனேஜரம்மா ஓடினார், மேளக்காரர்கள் ஓடினார்கள், வாயில் காப்போன் ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். கயிறு பிடித்திருந்த இரண்டு ஆட்களும் திரையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துச் சமையல்காரப் பிணமும் மந்திரி மகன் பிணமும் மனசு கேட்காமல் எழுந்து ஓடிப்போயின.

மேடையில் மிஞ்சினது நாங்கள் மூன்று பிணங்கள். திரை விழவில்லை. விழுவதற்குத் திரையே இல்லை. பனி இறங்கி முதல் வரிசை நாற்காலியே மறைந்துவிட்டது. தூறல் முகத்தில் விழுந்தது.

“அக்கா, கொஞ்சம் நகருங்க. நான் எந்திரிக்கறேன்” என்றேன்.

“தெரை உழுகலீங்க” என்றார் கேட்டக்கா, கண்ணைத் திறக்காமல்.

வலது பக்கம் திரும்பி, “சின்னக்கா, நீங்களாவது என் பின்னலை விடுங்க” என்றேன்.

“அவ எந்திரிக்கட்டும். அப்பறம் நான் எந்திரிக்கறேன்.”

இந்த இரண்டு பேரில் யார் முதலில் எழுந்திருப்பது என்று ஒன்பது வருஷமாக முடிவாகாத விஷயம் இன்றைக்கு என் உடம்பின் மேல் வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் கனம் கூடியதே தவிரக் குறையவில்லை.

களத்தில் தார்ப்பாய் இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு வலது பக்கத்துப் பிணம் மெதுவாகப் பேசியது.

“ஏனுங்க ரைட்டரம்மா. எங்கக்காகிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“செத்தவ பேச மாட்டான்னு சொல்லுங்க” என்றது இடது பக்கம்.

“அவளுந்தானே செத்துட்டா. செத்தவளும் செத்தவளும் பேசலாமுன்னு சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. எனக்கும் பாயசம் கொடுத்துக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் இடது பக்கம் மறுப்பு வரவில்லை.

“நாளைக்கு எட்டே முக்கா பஸ்ஸுல போறமுங்க. போறதுக்கு முன்னால இதைச் சொல்லாட்டி என்ற மனசு ஆறாதுன்னு சொல்லுங்க. இதுக்காகத்தான் மீசையே வெச்சேன். மாமன் செத்த அன்னிக்கி நான் வேணுமின்னு வராம இருக்கலை. சேதி வந்த ஒடனே கரடியூர்ல ரோட்டுல வந்து நின்னேன். கையைக் காட்டுனேன். பஸ்ஸு நிக்காமப் போயிருச்சு. அத்தனை தூரமும் காப்பித் தோட்டத்துக்குள்ள ஓடியாந்தேன். நான் வாரதுக்குள்ள எடுத்துட்டாங்க. அன்னிக்கே சொன்னேன். அவ நம்பலை.”

சின்னக்காவின் குரல் உடைந்தது. கேட்டக்கா என் காலின் மேல் அசையாமல் கிடந்தார்.

“நான் நம்பலைன்னு எவ சொன்னா?” என்றார் கேட்டக்கா.

“பின்ன ஏன் பேசலை?”

“மொதல்ல நம்பலைதான். பதினஞ்சு நாளு கழிச்சு ஒரு சோலியா நான் ரோட்டுக்குப் போயி அதே பஸ்ஸுக்குக் கை காட்டுனேன். எனக்கும் நிக்காமப் போச்சு. அப்பத்தான் நீ சொன்னது நெசமுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சு? உன்னை அத்தனை பேருக்கு முன்னால வாசல்லயே நிக்க வெச்சு வைஞ்சாச்சு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்ற ஊட்டுக்கு வாரது? நொம்ப வெக்கமா இருந்துது கண்ணு.”

“அதுக்கு? ஒம்போது வருசமா?”

“உன்ற மேல என்ன வழக்கு இருக்குது, தீத்துட்டு ஆரஞ்சு குடுக்கறதுக்கு? தப்பு என்ற மேல. எனக்கு நானே எப்பிடிப் பழி வாங்கறது, அது எனக்குத் தெரியலை. அதான் அந்த பஸ்ஸுக்காரனைப் புடிச்சுக்கிட்டேன். நம்பாமயா தெனமும் அந்த பஸ்ஸை நிறுத்தறேன்?”

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். இரண்டு வருஷமாக ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்த விஷயம். மழை, வெயில், பண்டிகை எதுவும் பார்க்காமல் நடுரோட்டில் போய் நின்று, ஏறாமல், நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பின அந்த மனுஷி, தன் தங்கைக்காக நின்றுகொண்டிருந்தார். லயத்தில் ஒருவருக்குக்கூட அது தெரியாது. அந்தத் தங்கைக்கே தெரியாது.

என் வயிற்றின் மேலாகச் சின்னக்காவின் கை போனது. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்தது. இரண்டும் சரியாக என் தொப்புள் மேல் சந்தித்துக்கொண்டு இறுக்கின. வலித்தது. பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டே செத்துக் கிடந்தார்கள்.

காப்பியை மூடிவிட்டு ஆயாவுக்குத் தன் வேஷம் ஞாபகம் வந்திருக்கிறது. தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, பனிக்குள்ளிருந்து மூச்சிரைக்க வந்து மேடை ஏறினார். ஈட்டியைத் தேடி எடுத்தார். காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்து, “இனிப் பழிவாங்க ஒருவரும் மிச்சமில்லை!” என்று முழங்கினார். பிறகு நாங்கள் கிடப்பதைக் குனிந்து பார்த்தார்.

“அக்கா, எந்திரிங்க. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க.”

“தெரை உழுகலை” என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்து.

ஆயா யோசித்தார். தலையிலிருந்த சாக்கை எடுத்து எங்கள் மூன்று பேர் முகத்தின் மேலும் படுகிற மாதிரி விரித்துப் போட்டார். “உழுந்திருச்சு” என்றார்.

சாக்குக்குள் காப்பி வாசனை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யார் முதலில் என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

மறுநாள் எட்டே முக்காலுக்குக் கேட்டக்கா வழக்கம்போல நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப்பார்த்து, “நிக்குதுங்கக்கா, போலாமுங்களா?” என்றார். “இருங்க, ஆளு ஏறோணும்” என்றார் கேட்டக்கா. கண்டக்டர் வாயைப் பிளந்தார். சின்னக்கா, அவர் புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி, மூட்டைகள் எல்லாம் ஏறி முடிகிறவரை கேட்டக்கா பஸ்ஸுக்கு முன்னாலிருந்து நகரவில்லை. மந்திரிக்கு மீசை இன்னும் சரியாகப் போகவில்லை. ஜன்னல் வழியாக அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசவில்லை. இந்த முறை பேசாதது வேறு மாதிரி இருந்தது.

பிறகு கேட்டக்கா மடியிலிருந்து இரண்டு ஆரஞ்சை எடுத்தார். ஒன்று டிரைவருக்கு, ஒன்று கண்டக்டருக்கு.

“என்னங்கக்கா இது?”

“வழக்கு தீந்துதுங்க. இனி நீங்க பாட்டுக்குப் போலாம்.”

செவ்வாய்க்கிழமை எட்டே முக்காலுக்கு நான் ஜன்னலுக்குப் போனேன். ரோட்டில் யாரும் இல்லை. கேட்டக்கா கேட் ரூமில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. கேட்டுக்கு நேராக வந்து தானாக நின்றது. ஏற ஆள் இல்லை, இறங்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று. புதன்கிழமையும் நின்றது. வியாழக்கிழமை கேட்டக்கா முறத்தோடு வெளியே வந்துவிட்டார்.

“ஏனுங்க நிக்கறீங்க? அதான் தீந்துதுன்னு சொன்னனுல்ல?”

“பழகிப்போச்சுங்கக்கா” என்றார் டிரைவர். “நிக்காமப் போனா என்னமோ மாதிரி இருக்குது.”

இப்படியே இரண்டு வாரம். ஆள் இல்லாமல் நிற்கிற பஸ்ஸைப் பார்க்கக் கேட்டக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தன் சும்மா சும்மா வந்து மரியாதை செய்தால், பதிலுக்கு எதையாவது செய்ய வேண்டாமா? அவர் முறைப்படி அதுவும் ஒரு வழக்குத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நல்ல புடவை கட்டி, ஒரு பை நிறைய ஆரஞ்சு எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். மரத்தில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. கேட் சாவியை என் மேஜை மேல் வைத்தார்.

“திருப்பூர் வரைக்கும் போயிட்டு வாரனுங்க. ரெண்டு நாளு கேட்டைப் பாத்துக்குங்க, சாமி.”

“போயிட்டு வாங்கக்கா. சின்னக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்க.”

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேனேஜரு ஜீப்பு வந்தா, பேரைக் கேக்காம உட்றாதீங்க.”

பஸ் வந்தது, நின்றது. கேட்டக்கா ஏறினார். கண்டக்டர் எழுந்து தன் சீட்டையே கொடுத்தார். பஸ் வளைவில் மறைகிறவரை நான் கேட்டருகே நின்றிருந்தேன். அது மறைந்த பக்கத்திலிருந்தே ஜீப் வந்தது. இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்றது. கேட்டக்காவைக் காணோம் என்றதும் மேனேஜரின் முகத்தில் ஒரு மலர்ச்சி. ஒன்பது மாதமாகக் காத்துக் கிடக்கிற என் சம்பள உயர்வுக்கு அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வேலையே போய்விடுமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் பூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“யாருங்க?” என்றேன்.